தலைக்கு எண்ணெய்

ஹொண்டா எக்ஸ்எல் 185 எஸ் மோட்டார் சைக்கிளின் எஞ்சினில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாப்டுக்கென்று தனியாகப் பேரிங் கிடையாது. உருக்குத் தண்டு நேரே அலுமினியத்தில் சுழல்கிறது. கீழ்ப் பாதி வட்டம் சிலிண்டருக்கு மேலே உட்காரும் ஹெட்டில், மேல் பாதி வட்டம் அதன் மூடியில். இரண்டையும் சேர்த்து இறுக்கினால் வட்டம் முழுமை பெறும். அதற்குள் தண்டு சுற்றும். உருக்கும் அலுமினியமும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளாமல் நடுவில் நிற்பது ஒயில் மட்டும். தலைமயிரின் பாதிக் கனம்கூட இல்லாத ஒரு படலம். அது வராமல் நின்றால் கதை விரைவில் முடிந்துவிடும்.

"தலைக்கு எண்ணெய் வைக்காவிட்டால் மனிதனுக்கே சூடு ஏறுகிறது, இதற்கு ஏறாதா?" என்பார் மாமா. சனிக்கிழமை தவறாமல் நல்லெண்ணெய் வைத்து முழுகுகிறவர்.

அந்த எக்ஸ்எல் அவருடையது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தம்பலகாமத்து வயல்களுக்குப் பாயும் வாய்க்கால்களைப் பார்த்துத் திரிவதுதான் அவருடைய உத்தியோகம். 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது அவர் அந்தப் பக்கத்தில்தான் வேலையில் இருந்தார். அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அதற்குப் பிறகு சில வருடம் கழித்து, எங்கோ ஒரு திட்டம் முடிந்து சாமான்களை ஏலத்தில் விட்டபோது இந்த மோட்டார் சைக்கிளை எடுத்தார். சிவப்புத் தாங்கி, உயர்ந்த முன் மட்கார்ட், 21 அங்குல முன்சில்லு. வரம்பில் ஓட்டுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும். மழைக்காலத்தில் முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்கு வருவார். நாங்கள் பிள்ளைகள் தென்னை ஈர்க்கினால் சிலிண்டரின் செதில்களுக்கு இடையில் காய்ந்த களிமண்ணைச் சுரண்டி எடுப்போம். அந்த எஞ்சினோடு என் பழக்கம் அப்படித் தொடங்கியது. இலக்கத்தகட்டில் இன்றும் பழைய ஸ்ரீ எழுத்துதான்.

இந்த மாதிரி 1979ஆம் ஆண்டளவில் வந்தது. ஒற்றைச் சிலிண்டர், இரண்டு வால்வு, சிலிண்டரின் துவாரம் 63 மில்லிமீற்றர், பிஸ்டன் ஏறி இறங்கும் வீச்சு 57.8 மில்லிமீற்றர். பெருக்கிப் பார்த்தால் 180 கன சென்ரிமீற்றர். பெயரில் உள்ள மிகுதி ஐந்து, விற்பனைக்காரர்களின் கொடை. மின்சாரம் ஆறு வோல்ட். இரவில் அதன் முன்விளக்கைப் போட்டால், விளக்கு எரிகிறதா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும்.

2004 டிசம்பர் 26 காலையில் அது திருகோணமலையில் திருக்கடலூர் வீட்டு முற்றத்தில் நின்றது. அன்றைய கதையை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் எல்லோரும் உயிரோடு இருந்தோம், அவ்வளவு போதும். மூன்றாம் நாள் இரண்டு வேலிக்கு அப்பால், மணலில் பாதி புதைந்த நிலையில் மாமா அதைக் கண்டுபிடித்தார். எஞ்சின் வடிகால் போல்ட்டைக் கழற்றினால் முதலில் வந்தது கடல்தண்ணீர். அதற்குப் பின்னால் பால்தேநீர் நிறத்தில் ஒயில்.

கடல்தண்ணீர் புகுந்த எஞ்சினை ஒரு வாரம் அப்படியே விட்டால் பிறகு இரும்புக்கடையில் நிறுவைக்குப் போடுவதைத் தவிர வழியில்லை. மாமா விடவில்லை. ஹெட்டைக் கழற்றினார், எல்லாவற்றையும் டீசலில் கழுவினார், நல்ல தண்ணீரில் அலம்பினார், மறுபடியும் டீசல், பிறகு ஒயில். அந்த நாட்களில் ஊரில், மூட்டுகளில் ஒயில் கசியாமல் வைக்கும் ஒரு கஸ்கட் வாங்க முடியுமா? பாதிக் கடை மூடிக்கிடந்தது, மீதிப் பாதி இல்லாமலே போயிருந்தது. எங்கிருந்தோ ஒரு குழாய் சிவப்புச் சிலிக்கன் பசை கிடைத்தது. அதைத் தாராளமாகப் பூசி எஞ்சினை மூடினார். ஓடியது. நிவாரணச் சாமான், அரிசி மூட்டை, ஒரு முறை ஒரு கர்ப்பிணிப் பெண், எல்லாவற்றையும் அது சுமந்தது. 2007இல் ஒருநாள் தம்பலகாமச் சந்திக்கு அருகே மேலிருந்து பன்றி கத்துவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு சத்தமே இல்லை.

உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின்கொட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பதினைந்து வருடம் அங்கேயே கிடந்தது.

2022இன் பொருளாதார நெருக்கடியை இலங்கையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஜூன் கடைசியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர். 2020இலிருந்து வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய இரும்பெல்லாம் பொன் விலை. நான் ஒரு பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். பாடசாலையும் பாதி நாள் மூடியிருந்தது. வரிசையில் நிற்காத நேரம் முழுவதும் கொட்டிலில் நின்றேன். எஞ்சினை இறக்கியது அப்படித்தான். சிக்கனம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். மனைவி நம்பவில்லை. நானும் நம்பவில்லை.

கழற்றுவதைப் பற்றி ஒரே ஒரு புலம்பல். பழைய ஹொண்டா எஞ்சின்களின் பக்க மூடிகளில் இருக்கும் நட்சத்திரத் திருகுகள் ஜப்பானியத் தரத்துக்கு வெட்டப்பட்டவை. கடையில் கிடைக்கும் வழக்கமான திருப்புளி முனை அவற்றில் சரியாக உட்காராது. பலங்கொடுத்துத் திருப்பினால் மேலே எழும்பித் தலையை உருட்டிவிடும். பழைய எஞ்சின்களில் திருகுத் தலைகள் எல்லாம் மொட்டையாக இருப்பதற்குக் காரணம் துரு மட்டுமல்ல. சரியான முனையும், மேலிருந்து சுத்தியலால் அடித்தால் தானாகத் திரும்பும் இம்பெக்ட் டிறைவரும் இருந்தால் பதினைந்து வருடத் துருவும் ஓர் அடியில் விட்டுக்கொடுக்கும். சைலன்சருக்குள் குளவிகள் மண்ணால் மூன்று மாடி கட்டியிருந்தன. பிஸ்டன் இறுகியிருந்தது. ஒன்பது நாள் டீசலில் ஊறவைத்தேன்.

ஹெட்டின் மூடியைத் தூக்கியதும் சேதம் தெரிந்தது. தண்டு கிடக்கும் இரண்டு தொட்டில்களும் உழுத வயல்போல. அலுமினியம் கிழிந்து உருக்கின் மேல் அப்பியிருந்தது. வலது பக்கம் நீலம் பாய்ந்திருந்தது. வயதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். நாற்பது வருட எஞ்சின், தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் தேய்வு இப்படி இருக்காது. தேய்ந்த இடம் மினுங்கும். இது பட்டினி கிடந்த இடம்.

இந்த எஞ்சினில் ஒயில் போகும் வழியைச் சொல்லவேண்டும். வலது பக்கம் அடியில் சின்னப் பம்ப். சுரக்கும் ஒயிலில் ஒரு பங்கு, பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்குக்குப் போகிறது. அங்கே சுழலும் கிண்ணம் ஒன்று அழுக்கை வெளிச்சுவரில் ஒதுக்கி வைக்கிறது. காகித வடிகட்டி கிடையாது, ஒரு கம்பிவலையும் இந்தக் கிண்ணமும்தான். இன்னொரு பங்கு சிலிண்டரை ஊடுருவிச் செல்லும் ஸ்டட் என்ற நீண்ட போல்ட் ஒன்றின் துளைவழியே, ஸ்டட்டைச் சுற்றியுள்ள இடைவெளியில் மேலே ஏறி ஹெட்டுக்கு வருகிறது. அதாவது கேம் ஷாப்ட்தான் கடைமடை. எந்த வாய்க்காலிலும் கடைமடைக்குத்தான் கடைசியாகத் தண்ணீர் வரும், குறைந்தால் அதற்குத்தான் முதலில் குறையும்.

மிதிசைக்கிள் பம்பின் குழாயை அந்தத் துளையில் வைத்து அழுத்தினேன். காற்றுப் போகவில்லை. பழைய கிளச் கேபிளிலிருந்து ஒற்றைக் கம்பியை உருவி மெல்ல உள்ளே விட்டேன். ஹெட்டும் மூடியும் சேரும் இடத்துக்கு அருகே, வழி ஒடுங்கும் இடத்தில், ஏதோ மெத்தென்று தட்டுப்பட்டது. கம்பி நுனியை வளைத்துக் கொக்கியாக்கி இழுத்தேன். உள்ளங்கையில் விழுந்தது: சிவப்புப் பச்சையரிசி ஒன்றின் அளவில், அதே வடிவில், ஒரு பக்கம் தட்டையாக, ஒரு துண்டுச் சிலிக்கன்.

ஹெட்டுக்கும் மூடிக்கும் இடையில் காகிதக் கஸ்கட் கிடையாது. இருந்தால் தண்டின் வட்டம் நீள்வட்டமாகிவிடும். பசை மட்டும், அதுவும் மிக மெல்லிசாக. கூடுதலாகப் பூசினால் இறுக்கும்போது அது இரண்டு பக்கமும் பிதுங்கும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். உள்ளே பிதுங்குவது காய்ந்து, ஒயிலில் ஊறி, என்றோ ஒருநாள் அறுந்து விழும்.

மாமாவுக்கு அப்போது எழுபத்து நாலு வயது. பின்னேரங்களில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டுக்கொண்டு கொட்டில் வாசலில் இருந்து பார்ப்பார். அந்தத் துண்டை மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் கையை நீட்டிவிட்டார். கண்ணாடியைக் கழற்றி, விரல்களுக்கிடையில் உருட்டி, நசுக்கிப் பார்த்தார்.

"என்னுடையதுதான்," என்றார்.

சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "முப்பது வருடம் மதகில் சிக்கிய குப்பையை எடுத்துக்கொண்டு திரிந்தேன், தம்பி," என்று சொல்லிவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். அன்று தேநீர் குடிக்காமலே எழுந்து போனார்.

மறுநாள் வந்தபோது வேறு ஆளாக இருந்தார். திருத்துவதில் தானும் ஒரு பங்கு என்று முடிவெடுத்துவிட்டார். எனக்கு உள்ளூரப் பயமாகவே இருந்தது.

பழுதான ஹெட்டுக்கு மாற்று ஹெட் தேடினேன். கிடைத்த இரண்டும் எங்களுடையதைவிட மோசம். பேசாமல் தொட்டில்களைப் பெரிதாகக் கடைந்து, உள்ளே வெண்கல வளையமாகப் புஷ் போடலாம் என்று சொன்னவர் கிண்ணியாவில் லேத் வைத்திருக்கும் நானா. படகுகளுக்கு புரொப்பெலர் தண்டின் கன்மெட்டல் என்ற வெண்கலப் புஷ் கடைவதுதான் அவருடைய சோறு. உப்புத்தண்ணீரில், மணலில், வருடக்கணக்கில் சுழலும் தண்டைத் தாங்குகிற உலோகம் ஒரு மோட்டார் சைக்கிள் ஹெட்டுக்குள் சுத்தமான ஒயிலில் சும்மா கிடக்கும் என்பது அவருடைய கணக்கு.

கிண்ணியாவுக்குப் போகும் வழி சீனக்குடாவைத் தாண்டிப் போகிறது. பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கின்றன. தொண்ணூற்றொன்பது, ஒவ்வொன்றும் பத்தாயிரம் கிலோலீற்றருக்கு மேல் கொள்ளும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் இந்த ஊரில் குண்டு போட்டன. பையில் ஜப்பானிய ஹெட்டோடும் கையில் நாலு லீற்றர் அட்டையோடும் அந்தத் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போவது ஒரு மாதிரியான அனுபவம். பிறகு பாலம். 2009க்கு முன்னால் இந்த இடத்தில் பாதைப் படகுக்குக் காத்திருந்து கடந்தவர்களுக்குத்தான் அந்தப் பாலத்தின் அருமை தெரியும்.

நானா ஹெட்டைக் கையில் வாங்கியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சூடானால் எது அதிகம் பெருக்கும், வெண்கலமா அலுமினியமா?"

வகுப்பில் கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்பேன். அங்கே ஒரு நொடி தடுமாறினேன். அலுமினியம்தான். ஒரு மீற்றர் நீளத்துக்கு ஒரு பாகை செல்சியஸுக்கு 23 மைக்ரோமீற்றர். வெண்கலம் ஏறத்தாழ 18. அப்படியென்றால் எஞ்சின் சூடாகும்போது வீடு பெரிதாகும், குடியிருப்பவர் அந்த அளவுக்குப் பெரிதாகமாட்டார். பிடி தளரும். 26 மில்லிமீற்றர் விட்டத்துக்கு நூறு பாகை கூடினால் இடைவெளி 0.013 மில்லிமீற்றர். இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். நானா தாளைப் பார்க்கவில்லை. "அதனால் மூன்று புள்ளி இறுக்கமாக வைக்கிறேன், ஓர் ஊசியும் அடிக்கிறேன்," என்றார். புள்ளி என்றால் அவர் பாஷையில் நூறிலொரு மில்லிமீற்றர். பதின்மூன்று மைக்ரோனை நான் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன், அவர் முப்பதை முன்பே கையில் வைத்திருந்தார்.

செய்த விதம் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். வால்வுகளைத் தட்டும் ரொக்கர்களை எல்லாம் எடுத்துவிட்டு மூடியை ஹெட்டோடு சேர்த்து இறுக்கினார். மூடியும் ஹெட்டும் ஒரே பிரசவத்துப் பிள்ளைகள், மாற்றிப் போட முடியாது. பிறகு இரண்டு பக்கத் துளைகளையும் ஒரே பிடிப்பில், வேலைத்துண்டைக் கழற்றாமல் கடைந்தார். ஒரு பக்கத்தை முடித்துத் திருப்பி வைத்து மறுபக்கம் கடைந்தால் இரண்டு மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்காது. தண்டு வளைந்து சுழலும். டயல் கேஜை வைத்து அந்த ஒரு பிடிப்பைச் சரிசெய்யவே முற்பகல் முழுவதும் போனது. கடைந்தது பதினைந்து நிமிடம்.

புஷ்களை உட்கார்த்தி மூடியை இறுக்கிய பிறகுதான் உள்ளளவைக் கடைசியாக எடுத்தார். இறுக்கும்போது புஷ்ஷும் கொஞ்சம் சுருங்கும் அல்லவா? முன்பே அளவு எடுத்திருந்தால் தண்டு சிக்கியிருக்கும். ஒயில் வரும் துளைக்கு நேரே புஷ்ஷில் துளை, அங்கிருந்து உட்பக்கம் ஒரு சிறு பள்ளக்கோடு. ஊசி எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது: புஷ் ஒரு மயிரிழை சுழன்றால் துளை மூடிவிடும், மறுபடியும் 2007.

அந்தக் கோட்டை மாமாவிடம் காட்டினேன். விரல் நகத்தால் தடவிப் பார்த்து, "நல்ல வாய்க்கால்," என்றார்.

இனி எஞ்சினைப் பெரிதாக்கிய கதை. இதைத்தான் பலரும் முதலில் கேட்பார்கள். எனக்கு இதில் சொல்ல அவ்வளவு இல்லை. ஹொண்டா 1980இல் எக்ஸ்ஆர் 200 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. அதே 57.8 வீச்சு, துவாரம் மட்டும் 65.5. ஆகவே அந்தப் பிஸ்டனைப் போட்டால் 180 கன சென்ரிமீற்றர் 195க்குக் கிட்டப் போய்விடும். எங்கள் சிலிண்டரின் உள்ளுறை எப்படியும் துருவால் குழிவிழுந்துவிட்டது. புதிய உறை அடிப்பதென்றால் அதைப் பெரிதாகவே அடிக்கலாமே. பிஸ்டனுக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போனேன். மூன்று கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு முதலாளி, "மல்லி, இதுதான்," என்று ஒன்றை நீட்டினார். வெர்னியர் வைத்துப் பார்த்தேன்: 65.0. அது ஹொண்டாவின் ஏடிசி 200 என்ற மூன்றுசில்லு வண்டிக்குரியது, அதன் கணக்கு 192. என் சிங்களத்தில் இந்த அரை மில்லிமீற்றரை விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ச் சரியானதை எடுத்து வந்தார். எப்போதும் வெர்னியரோடு போங்கள்.

பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அழுத்த விகிதத்தில்தான் கொஞ்சம் மெனக்கெட்டேன். எக்ஸ்ஆர் பிஸ்டனின் தலை கூம்பாக மேலெழும்பியது. ஹெட்டை இறுக்கி, பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, எஞ்சினைச் சாய்த்து வைத்து, பாடசாலை ஆய்வுகூடத்து அளவியால் ஸ்பார்க் பிளக் துளைவழியே மெல்லிய எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். துளையின் திருகுமரை தொடங்கும் இடத்தில் எண்ணெய் வந்து நின்றபோது அளவியில் குறைந்திருந்தது 20.6 மில்லிலீற்றர். விகிதம் 10.45க்கு 1. தாளில் அழகான இலக்கம். ஆனால் நான் போகிற குச்சவெளிப் பக்கத்தில் எனக்குக் கிடைப்பது 92 ஒக்ரேன், வெயிலோ திருகோணமலை வெயில், எஞ்சினைக் குளிர்விப்பது காற்று மட்டும். ஏற்றத்தில் வேகத்தைக் கூட்டும்போது கலவையின் எரியாத மிச்சம் தானாகவே வெடித்துப் பிஸ்டன் தலையைச் சுத்தியல்போல அடிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள், கண்ணாடிப் போத்தலுக்குள் கல் குலுக்குவதுபோல. நானாவிடம் பிஸ்டனைக் கொடுத்து, தலையின் கனத்தை அளந்து பார்த்து, கூம்பில் கொஞ்சம் சீவச் சொன்னேன். மறுபடியும் அளவி: 22.4. விகிதம் 9.7. இதற்கு மேல் ஆசைப்படவில்லை. ஆசைப்பட்டவர்களின் பிஸ்டன்கள் நானாவின் கடையில் சாம்பல் கிண்ணமாக இருக்கின்றன.

பூட்டும் நாள். மாமா காலையிலேயே வந்து கதிரையைக் கொட்டிலுக்கு உள்ளேயே போட்டுவிட்டார். ஹெட் மூடிக்குப் பசை பூசும் கட்டம் வந்ததும் எழுந்து அருகில் வந்து நின்றார். சிலிக்கன் அல்ல, எஞ்சினுக்குரிய சாம்பல்நிறத் திரவக் கஸ்கட். விரல் நுனியில் தொட்டு, குழந்தைக்குக் கண்மை இடுவதுபோல ஓரமாக ஓர் இழை. ஒயில் துளையைச் சுற்றி விரலைக் கொண்டுபோகவே இல்லை.

"அந்த இடத்தில்?"

"அந்த இடத்தில் வேண்டாம் மாமா."

"வேண்டாம்தான். கேட்டுப் பார்த்தேன்," என்றார்.

ஒயில் விஷயத்தில் ஒரு வார்த்தை. இந்த எஞ்சினில் கிளச்சும் கியரும் அதே ஒயிலில்தான் குளிக்கின்றன. காருக்குரிய சில ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்க்கைகள் இருக்கின்றன, அவற்றை ஊற்றினால் கிளச் வழுக்கும். போத்தலில் ஜாசோ எம்ஏ என்ற ஜப்பானியத் தரக்குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். விலை கூடியதை ஊற்றினால் நல்லது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இயக்குவதற்கு முன், பிளக்கைக் கழற்றிவிட்டு, வால்வு சரிசெய்யும் சின்ன மூடியைத் திறந்து வைத்தேன். பிளக் இல்லாததால் எதிர்ப்பே இல்லை. கிக்கரை மிதித்தால் கால் அப்படியே இறங்கியது. பத்து மிதி. இருபது. ஒன்றுமில்லை. மாமா டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். முப்பதில் எனக்கு வயிறு கலங்கியது. பம்பில் காற்றுப் புகுந்திருக்கலாம், வளையம் ஒன்றை விட்டிருக்கலாம், எல்லாவற்றையும் மறுபடி கழற்றவேண்டி வரலாம். நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"நில்," என்றார்.

ரொக்கரின் அடியில் ஒரு மினுக்கம். அது பெருத்து, ஒரு சொட்டாகி, விளிம்பில் தயங்கி, வழிந்தது. இன்னொரு மிதிக்கு இன்னொன்று. கன்னியாவின் ஏழு கிணறுகளில் சூடு குறைந்த கிணற்றில் அடியிலிருந்து குமிழி வருமே, அந்த வேகம்தான். மாமா டோர்ச்சை அணைக்கவில்லை. "மிதி, மிதி," என்றார். தேவைக்கு மேல் இன்னும் ஒரு இருபது மிதித்தேன், அவர் பார்க்கட்டும் என்று.

பிளக்கைப் போட்டபின் ஐந்தாவது மிதியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கொட்டில் முழுவதும் வெண்புகை, பூட்டும்போது தடவிய எண்ணெய் எரிகிறது. ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்தேன், ஆறவிட்டேன், மறுபடியும். அன்று அவ்வளவுதான்.

நிலாவெளி வீதிதான் பழக்கும் பாதை. சமதரை, கடல்காற்று, பின்னால் துரத்தும் பஸ்கள் குறைவு. பெரிய துவாரத்துக்கு காபுரேற்றரில் பெற்றோல் வரும் துளையான மெயின் ஜெட்டை இரண்டு அளவு கூட்டியிருந்தேன். பிளக் கரியாக வந்தது, ஓர் அளவு இறக்கினேன், மண்ணிறத்துக்கு வந்தது. முதல் நூறு கிலோமீற்றரில் ஒயிலை மாற்றியபோது கம்பிவலையில் பொன்துகள் மாதிரிச் சில வெண்கலப் பொடி. நெஞ்சு ஒருமுறை நின்று அடித்தது. புதுப் புஷ் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும்போது கொஞ்சம் விடும் என்று நானா தொலைபேசியில் சொன்னார். ஐந்நூறில் பார்த்தேன், இல்லை. ஆயிரத்திலும் இல்லை.

பதினைந்து கன சென்ரிமீற்றர் கூடியதில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், உவர்மலை ஏற்றத்தில் முன்பு இரண்டாம் கியருக்கு இறங்கவேண்டியிருந்த ஒரு வளைவில் இப்போது மூன்றிலேயே போகலாம். அவ்வளவுதான். நேர்மையாகச் சொன்னால், அந்தப் பிஸ்டனுக்குச் செலவழித்த பணத்தில் பாதியை நானாவுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்கவேண்டும். அவர் கேட்கமாட்டார்.

மாமா இப்போது ஓட்டுவதில்லை, முழங்கால் விடாது. சனிக்கிழமை காலையில் முழுகிவிட்டு, தலையில் துவாயோடு வருவார். எஞ்சின் ஆறியிருந்தால் அந்தச் சின்ன மூடியைத் திறக்கச் சொல்வார். உள்ளே ஈரம் மினுங்குவதைப் பார்த்துவிட்டு மூடச் சொல்வார். போன கிழமை ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக மாற்றப்போகிறேன் என்று சொன்னேன். வேண்டாமாம். இரவில் எங்கே போகப்போகிறாய் என்று கேட்கிறார்.